முட்டை விற்பது பந்தயம் ஆகாதாம்

அனுப்புநர்:
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுபவரின் மகள், வயது பதினாறு,
ரெடிமேட் கம்பெனியில் காஜா, பட்டன் வேலை,
மாடி அறை, தண்ணீர்த் தொட்டிச் சந்து.
(பெயரும் கதவு எண்ணும் தனி உறையில் உள்ளன. அம்மாவுக்காக அப்படி வைத்திருக்கிறேன்.)

பெறுநர்:
பந்தயம் மற்றும் இணைய விளையாட்டு ஒழுங்குமுறை அலுவலர் அவர்கள்.

பொருள்: கைப்பேசி விளையாட்டில், உள்ளே இருப்பதைக் காட்டாமல் பணத்துக்கு முட்டை விற்பதைப் பந்தயமாகக் கருதவும், என் அம்மாவின் சேமநிதிப் பணம் வருவதற்குள் அவருக்கு முட்டை விற்பதை நிறுத்திவைக்கவும் கோருதல்.

பார்வை: 1. உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போய்விட்ட என் முதல் மனு.
2. தங்கள் அலுவலகம் முடித்துவைத்த என் இரண்டாம் மனு.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

தாங்கள் ஐயாவா அம்மாவா என்று தெரியாததால் இப்படித் தொடங்குகிறேன். நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். அலுவலக ஜன்னலுக்கு முன்னால் நின்றால் சொல்ல வந்தது பாதி மறந்துவிடுகிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் அம்மா பறவை வளர்க்கும் விளையாட்டு ஒன்றை ஆடுகிறார். அதை இலவசமாகத்தான் இறக்கினார். பறவை வேண்டுமானால் முட்டை வாங்க வேண்டும், முட்டைக்குக் காசு. வாங்கியபின் முட்டை ஆடும், விரிசல் விடும், உள்ளேயிருந்து ஏதோ ஒரு பறவை வரும். எது வரும் என்பது வாங்குகிறவர் கையில் இல்லை. அம்மா வெள்ளை ஆந்தைக்காக வாங்குகிறார். விரிசலில் வெள்ளை இறகின் நுனி தெரியும், ஓடு உடைந்தால் மைனா நிற்கும். "பாத்தியாடி, மயிரிழையில தப்பிச்சிடுச்சு. அடுத்தது அதான்," என்பார். எங்களிடம் இப்போது மைனா மட்டும் ஒரு காடு நிறைய இருக்கிறது.

2. கலெக்டர் அலுவலகத்துக்குப் போட்ட முதல் மனுவில் நான் செய்த தவறு இது: "அம்மா முட்டை வாங்கியே சம்பளம் போகிறது, பாதிக்கு மேல் உள்ளே ஒன்றும் உருப்படியாக இல்லை" என்று எழுதினேன். எங்கள் வீட்டில் பேசுவது அப்படித்தான், அதனால் விளக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அது உணவுத் துறைக்குப் போனது. ஒரு ஆய்வாளர் பெட்டியோடு மாடியேறி வந்து, "எந்தக் கடைம்மா? மிச்சம் இருக்கிற முட்டைய எடு, மாதிரி எடுக்கணும்," என்றார். கீழ்வீட்டு அக்கா வந்து, "இவங்க வீட்ல கோழியும் கிடையாது, ஃப்ரிட்ஜும் கிடையாது சார்," என்றார். நான் கைப்பேசியை நீட்டினேன். ஆய்வாளர் அதைப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். "செல்போன் கூமுட்டைன்னு எழுதியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும்," என்றார். நல்லவர். தங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொன்னதும் அவர்தான்.

3. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதிலை மனப்பாடம் ஆகும்வரை படித்தேன். "மேற்படி விளையாட்டில் கிடைக்கும் பொருளைப் பணமாக மாற்ற இயலாது. எனவே அது பணமதிப்புள்ள பரிசு ஆகாது. பந்தயச் சட்ட வரம்புக்குள் வராததால் மனு முடித்துவைக்கப்படுகிறது" என்று இருந்தது. முடித்துவைக்கப்படுகிறது என்பது நல்ல சொல். எங்கள் வீட்டில் முடியவில்லை என்பதால் மறுபடி எழுதுகிறேன்.

4. லாரி ஷெட்டுக்குப் பின்னால் பாய் விரித்துச் சீட்டாடியவர்களைப் போலீஸ் ஏற்றிக்கொண்டு போனதை எங்கள் சந்தே பார்த்தது. அந்தப் பாயில் ஒருவர் தோற்றால் இன்னொருவர் ஜெயித்தார். போட்ட காசு யாரோ ஒருவர் சட்டைப்பையில் வீட்டுக்குப் போனது. அது குற்றம் என்கிறீர்கள், சரி. அம்மா போடுகிற காசு அந்தச் சந்தில் யார் வீட்டுக்கும் போவதில்லை, திரும்பியும் வருவதில்லை. திரும்பவே வராது என்பதால்தான் அது பந்தயம் இல்லையா? கொஞ்சம் தோற்கடித்தால் குற்றம், முழுக்கத் தோற்கடித்தால் வியாபாரம் என்று ஆகிவிடாதா? எனக்குச் சட்டம் தெரியாது. பட்டன் தைக்கும்போதெல்லாம் இது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டு முறை ஊசி விரலில் ஏறிவிட்டது.

5. பணமாக்க முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அம்மாவைப் பார்த்து, "ஆந்தை இருக்கிற கேம் ஐடி கிடைச்சா கொண்டாங்கக்கா, கைமேல காசு. மைனாவெல்லாம் வேணாம், அத நீங்களே வறுத்துச் சாப்பிடுங்க," என்றார். அவருக்கு எதிராக நான் புகார் சொல்லவில்லை, சின்னக் கடை. விலை போகிறது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

6. பிள்ளைகளுக்கு விற்கும் மிட்டாய்ப் பாக்கெட்டிலும் என்ன பொம்மை என்று தெரியாதே என்று எங்கள் கம்பெனி மேஸ்திரி கேட்டார். அதற்கான பதில் வீட்டுக்கு வந்தபின்தான் தோன்றியது. மிட்டாய்க் கடைக்காரர் தலையணைக்கு அடியில் வந்து உறுமுவதில்லை. இந்த விளையாட்டு, "உங்கள் கூடு காலியாக இருக்கிறது, குஞ்சு குளிரில் நடுங்குகிறது" என்று அம்மாவுக்கு அனுப்புகிறது. சோறு பிசைந்த கையோடு எழுந்து போகிறார். சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி ஓடும்போதும் பாவாடை மடிப்பில் அது அதிர்கிறது. அங்கே அம்மாவுக்கு இப்போது ஆந்தை என்றுதான் பெயர். "ஏ ஆந்த, பகல்ல தூங்கி விழுந்து போர்வைய கருக்கிடாத," என்கிறார்கள். அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறார். போன வாரம் கருகியது போர்வை இல்லை, அவருடைய மணிக்கட்டு.

7. நிறுவனத்துக்கும் எழுதினேன். "இனிய பறவை நண்பரே! கணக்கு வைத்திருப்பவர் வயது வந்தவர். அவர் விருப்பப்படியே வாங்குகிறார்" என்று ஒரு கிளிப் படத்தோடு பதில் வந்தது. ஆந்தை எத்தனை முட்டைக்கு ஒன்று வரும் என்றும் கேட்டிருந்தேன். "அரிது!" என்றார்கள்.

8. இப்போது அவசரம் என்னவென்றால், அம்மா தன் சேமநிதியை எடுக்க எழுதிக் கொடுத்துவிட்டார். காரணம் கூரை ஒழுகுகிறது என்று போட்டிருக்கிறார். நாங்கள் இருப்பது வாடகை வீடு. வாடகை வீட்டுக் கூரையை இவர் ஏன் மாற்றுகிறார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்து நிற்கிறது. நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை, நிற்க முடியாத காலம் வந்தால் சாப்பிட என்று பிடித்து வைத்த பணம் அது ஒன்றுதான். திங்கட்கிழமை அவர் கணக்கில் வந்து விழும். அன்றைக்கே விளையாட்டில் ஆந்தை வாரம் தொடங்குகிறது. நான் சொல்லிப் பார்த்தேன். "நீ எனக்குப் பொறந்தியா, நான் உனக்குப் பொறந்தேனா?" என்றார். பிறகு தலையைத் தடவி, "இதான்டி கடைசி," என்றார். அம்மா பொய் சொல்லவில்லை. சொல்லும்போது நம்பித்தான் சொல்கிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

9. ஆகவே தாங்கள் இதை மறுபடி பார்க்க வேண்டும். காசு போட்டு, விளைவைத் தற்செயலிடம் விடுகிற எதுவும், தோற்றவருக்குப் பந்தயமாகத்தான் இருக்கிறது. பரிசு பணமாகுமா என்று மட்டும் பார்க்காமல் போட்டது பணமா என்றும் பார்க்கவும். சட்டத்தில் இடமில்லை என்றால் சட்டம் செய்கிறவர்களுக்கு எழுதவும். எத்தனைக்கு ஒன்று வரும் என்பதைத் தமிழில், முட்டையின் மேலேயே அச்சிடச் சொல்லவும். இதெல்லாம் நாளாகும் என்று தெரியும். அதுவரை அம்மாவின் கணக்கிலிருந்து மட்டுமாவது பணம் வாங்காமல் இருக்க அந்த நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். கைப்பேசியை நான் ஒளித்து வைக்கலாம்தான். அம்மாவை எங்கே ஒளித்து வைப்பது?

10. முந்தைய இரண்டு மனுக்களும் தபாலில் போனவை. ஒன்பதாம் பத்தி வரை எழுதிய இந்த மனுவை நேற்று ஜன்னலில் கொடுத்தபோது எழுத்தர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பதினெட்டு ஆகலையேம்மா. அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டாத்தான் எடுப்போம்," என்று திருப்பிக் கொடுத்தார். அப்பா எங்களோடு இல்லை. எனவே அம்மாவைப் பற்றிய இந்த மனுவை அம்மாவிடமே கொடுக்கிறேன். அவர் போட்டால் தங்களிடம் வரும். கிழித்துப் போட்டால் தாங்கள் இதைப் படிக்கப் போவதில்லை.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மனுதாரர்

இடம்: தண்ணீர்த் தொட்டிச் சந்து
நாள்: புதன்கிழமை

பெற்றோர் சம்மதம்:

படித்துப் பார்த்தேன். என்னை ஆந்தை என்று கூப்பிடுவதை எழுதியிருக்க வேண்டாம். மற்றது எல்லாம் உள்ளதுதான். ஒன்று மட்டும் தப்பு. பணம் திங்கட்கிழமை இல்லை, வெள்ளிக்கிழமையே வருகிறது. இவள் போனைப் பிடுங்கிக்கொள்வாள் என்று திங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். ஐயா அதற்கு முன்னாலேயே செய்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை வந்து கேட்டால் நான் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். அதைக் கேட்காதீர்கள்.

(கையொப்பம்)
மனுதாரரின் தாய்