மேஜர் ரிங்க்: அக்காவின் திருத்தங்களுடன் ஒரு வரலாறு

ஜூன் 11, 2025, புதன்

அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் வெங்கட்ரமணன் பிடித்துக்கொண்டார். போலாரம் பழைய குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவர். சங்கம் ஆண்டு மலர் கொண்டுவருகிறதாம். மேஜர் ரிங்க்கைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம்.

“மத்தவங்க எழுதினா கதை விடுவாங்க சார். நீங்க டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸ். தேதி தப்பாது.”

ஒப்புக்கொண்டேன். இப்படித் தொடங்கலாம்: எண்பதுகளின் தொடக்கத்தில், ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஒருவர் போலாரம் கடைத்தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று எழுப்பி, அதில் ஸ்கேட்டிங் ரிங்க் நடத்தினார். சுமார் பத்தாண்டுகள் நடந்தது. பிறகு அது கிடங்காயிற்று. இன்று அந்த இடத்தில் ஒரு ஃபங்ஷன் ஹால் நிற்கிறது.

இதை எழுத எனக்குள்ள தகுதி விசித்திரமானது. நான் அங்கே ஒருமுறைகூட ஸ்கேட் செய்ததில்லை. மணமாகாத பெண்கள் தனியாக வரக்கூடாது, வீட்டிலிருந்து ஒருவர் துணைக்கு வர வேண்டும் என்பது மேஜரின் விதி. துணைக்கு வருபவருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் தளத்தில் கால் வைக்கக் கூடாது. அவர்களுக்கென்று சுவரோரம் ஒரு நீள பெஞ்ச் இருந்தது. கல்பகம் அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. அவளுக்குத் துணை நான். அப்போது முதல் மூன்று வருடம் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

அக்காவிடம் தகவல் கேட்கத் தொடங்கினேன். வெளியே தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை. இந்த வீட்டில் நாங்கள் இருவர்தாம். அப்பாவின் நோய், ஜாதகம், பிறகு வயது என்று அவளுக்குத் திருமணம் அமையாமலே போயிற்று. எனக்கு அமைந்தது, ஓர் ஆண்டைத் தாண்டவில்லை. அதற்குப் பிறகு இருவரும் இப்படியே பழகிவிட்டோம்.

தளம் மொசைக் என்கிறாள். எனக்கு அது சாம்பல் நிறக் கல்லாக நினைவு.

“என்னை ஏன்டா படுத்தறே பாலு? விசில் ஊதிண்டு நடுவுல ஒருத்தன் நிப்பானே, லட்சுமணன்னு, அவனைப் பிடி. எமன் மாதிரி ஊதுவான்.”

ஜூன் 22, ஞாயிறு

வெங்கட்ரமணன் தேடித் தந்தார். லட்சுமணன் நாச்சாரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். வயது அறுபத்திரண்டு. மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர்; தமிழில் உருதும் தெலுங்கும் கலந்தே பேசுவார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பயிற்சித் தொழிலாளியாக இருந்த காலத்தில், மாலை வேளைகளில் ரிங்க்கில் தளப் பொறுப்பாளராக இருந்திருக்கிறார். மனைவி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மகள் வீட்டு மாடியில் வசிக்கிறார்.

வாசலிலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டார். “அரே, பெஞ்ச் மாஸ்டர்! மீசையெல்லாம் நரைச்சிருச்சே!”

தளம் பற்றிக் கேட்டேன்.

“ஷாபாத் கல்லு. மொசைக் எல்லாம் நக்கோ மேடம். தினம் நான்தானே தொடைப்பேன்?”

“தினம் நான்தானே அதுல விழுந்தேன்? விழுந்தவாளுக்குத் தெரியாதா?” என்றாள் அக்கா.

கல்லும் கல்லும் சேரும் இடத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஒரு சத்தம் வரும், மொசைக்கில் அது வராது என்று அவர் விளக்கினார். மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். அக்கா சற்று நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஆமா, டக் டக்குனு கேக்கும்” என்றாள்.

முடிவு: ஷாபாத் கல்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று விதிகள் பற்றிப் பேசினோம். எல்லோரும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். விசில் ஒலித்தால் அனைவரும் எதிர்த்திசைக்குத் திரும்ப வேண்டும். மிகத் தெளிவான ஏற்பாடு.

“எத்தனை தடவை என்னை வெளியில அனுப்பியிருப்பேள், ஞாபகம் இருக்கா?” என்றாள் அக்கா.

“ஹவ், இருக்கு. ஊரே இப்டி சுத்தும். மேடம் மட்டும் அப்டி சுத்தும். நான் என்ன, பூவா போடுறது?”

காபி இரண்டாவது முறை வந்தது. என்னிடம் கேள்விகள் தீர்ந்திருந்தன.

ஜூலை 6, ஞாயிறு

நல்ல மழை. வர மாட்டார் என்று நினைத்தேன். ரெயின்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

மழை பேச்சை ரிங்க்கின் தகரக் கூரைக்குக் கொண்டுபோயிற்று. அது பல இடங்களில் ஒழுகுமாம். கல் நனைந்தால் வழுக்கும் என்பதால் ஒழுகும் இடங்களிலெல்லாம் லட்சுமணன் வாளிகளை வைப்பாராம். ஸ்கேட் செய்பவர்கள் வாளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போவார்களாம். சில நாட்களில் அதுவே விளையாட்டாகி, மழை வந்தால் கூட்டம் அதிகமாகுமாம்.

“காலி வாளியை இவர் வேணும்னே நான் வர வழியில நகத்தி வெப்பார்டா” என்றாள் அக்கா.

“தப்பு. ஒழுகுற எடம்தான் நகரும்.”

இருவரும் சிரித்து ஓய நேரமாயிற்று. வரலாற்றுக்கு இது அவசியமில்லை என்பதால் கட்டுரைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

லட்சுமணன் வந்தார். புதிய தகவல் எதுவும் இல்லை. விளக்கு வைக்கும் வரை இருந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

ரிங்க்கின் வாசல் கிழக்கா தெற்கா என்பதில் அக்காவுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு. நேரில் பார்த்துவிடுவது என்று இருவரும் ஃபங்ஷன் ஹாலுக்குக் கிளம்பினார்கள். கட்டுரை என்னுடையது, என்னை அழைக்கவில்லை. திரும்பி வந்தபோது வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாக்க மறந்துட்டோம்டா.”

இன்னொன்றும் கவனித்தேன். இன்று அவர் வாயில் ‘மேடம்’ என்ற சொல் ஒருமுறையும் வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இஸ்திரி போட்ட சட்டை. ஒரு பை நிறைய ஆப்பிள். அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“தம்பி, சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. கல்பகத்தைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அவங்களுக்கும் சரிதான். ஆனா உங்களைக் கேக்காம செய்ய மாட்டேன்னுட்டாங்க.”

நான் சொன்ன பதில் இது: “கட்டுரைக்கு வேண்டிய தகவல் எல்லாம் கிடைத்துவிட்டது. இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம்.”

அவர் தலையசைத்தார். ஆப்பிள் பையை மேசையில் வைத்துவிட்டு, “வரேன் தம்பி” என்று போய்விட்டார். அக்கா கதவோரத்தில் நின்றிருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்தேழு வயசு. இந்த வயசுல என்ன கல்யாணம்? ஊர் என்ன சொல்லும்? நம்ம மனுஷா என்ன சொல்லுவா? அவர் வேற, நாம வேற — சாப்பாடே வேற. அதெல்லாம் இருக்கட்டும் — இது எப்போ ஆரம்பிச்சுது? அந்தக் காலத்திலேயே இருந்துதா? அப்படின்னா நான் பெஞ்சுல உக்காந்துண்டு எதைத்தான் பாத்துண்டிருந்தேன்?

ஜூலை 28, திங்கள்

கேட்டேவிட்டேன். “அப்பவே ஏதாவது இருந்துதா அக்கா?”

முதலில் சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறிவிட்டது.

“அப்போ அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. அந்த விசிலைப் பிடுங்கிக் குப்பையில போடணும்னு நெனைச்சிருக்கேன். உன்கிட்ட மறைக்கற அளவுக்கு அப்போ எனக்கு எதுவும் கிடையாதுடா.”

“பின்னே எப்போ?”

“இப்போதான். இந்த ஜூன்லேர்ந்து. உன் கண்ணு முன்னாலதான், அந்த சோபாலதான்.”

நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போய்க் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது காபியை நானே பக்கத்திலிருந்து குடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

கட்டுரை முடிந்தது. வழக்கம்போல அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். என் அலுவலகக் கடிதங்களைக்கூட அவள் திருத்தியதுண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள்.

“தப்பு ஒண்ணும் இல்லைடா.”

“அப்போ குடுத்துடலாமா?”

“குடு. ஆனா இதுல யாருமே ஸ்கேட் பண்ணலை.”

தாள்களை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரசத்தில் உப்பு இல்லை. இருவரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையிலேயே நாச்சாரம் சென்றேன். கட்டுரையைக் காட்ட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அதைக் கையில் வைத்திருந்தேன்.

அவருடைய மகள் சுமலதா கதவைத் திறந்தாள். “ரண்டி அங்கிள், வாங்க. அப்பா மேல இருக்காரு. ரெண்டு வாரமா ஷேவிங் கூட கரெக்டா பண்ணல. நீங்களே கேளுங்க.” குரலில் கோபம் இருந்தது, அது என் மேல் என்பதில் ஐயமில்லை.

மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை. எல்லாம் துடைத்து வைத்தது போல் இருந்தது. கேட்க வேண்டியவற்றை வரிசையாகக் கேட்டேன். உடல்நிலை எப்படி?

“சுகர் இருக்கு. மாத்திரை தவறுறதில்ல. ஒர்க்‌ஷாப் சத்தத்துல வலது காது கொஞ்சம் மந்தம். உங்கக்கா அந்தப் பக்கம் உக்காந்துதான் என்னைத் திட்டுது, பாதிதான் உள்ள போவுது.”

எங்கே வசிப்பீர்கள்? இங்கேயேதான், இன்னோர் அறை கட்ட இடம் இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள்? “கேட்டீங்களே கீழ, அதான்.” சாப்பாடு? “வீட்டுல கறி, மீனு கெடையாதுன்னு கல்பகம் சொல்லிருச்சு. ஒத்துக்கிட்டேன். வெளிய எப்பயாவது ஒரு தம் பிரியாணிக்குப் பர்மிஷன் கேட்டிருக்கேன். இன்னும் வரல.”

என் கேள்விகள் முடிந்தன. அவர் சற்றுப் பொறுத்து, “நான் ஒண்ணு கேக்கலாமா தம்பி?” என்றார்.

கேளுங்கள் என்றேன்.

“நீங்க தனியா எப்டி இருப்பீங்க?”

ஜன்னலுக்கு வெளியே ஏதோ தொழிற்சாலையின் கூரை தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் என்ன சொல்லும் என்று இந்த நாட்குறிப்பில் எழுதியவன் நான். ஊரில் யாரும் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னவன் நான் ஒருவன்தான். பயந்தவனும் நான்தான்.

“தெரியலை” என்றேன்.

“கல்பகமும் அதான் சொல்லுது. பாலு சரின்னு சொல்லிருவான், அப்புறம் பாலு சாப்பிடுவானா இல்லையா, அதுக்கு யாரு பதில் சொல்றதுன்னு. நீங்களும் இங்கயே வந்துருங்களேன் தம்பி.”

வேண்டாம், ஐம்பது வயதுக்காரனுக்குச் சோறு வடிக்கத் தெரியாவிட்டால் அது அவனுடைய குறை என்று சொன்னேன். அவர் எழுந்து டீ போடப் போனார். கட்டுரை கையிலேயே இருந்தது.

வீடு திரும்பியதும் அக்காவிடம் சொன்னேன்: “வர ஞாயிற்றுக்கிழமை அவரை சாப்பிட வரச் சொல்லியிருக்கேன்.”

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. நிமிரவில்லை.

“என்ன சமைக்கட்டும்?” என்றாள்.

“உனக்குத்தானே தெரியும்.”

அப்போதுதான் அழுதாள். வெங்காயம் இல்லை, வெண்டைக்காய்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கட்டுரையைத் திரும்ப எழுதினேன். இருவரும் இருபுறமும் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். கூரை ஒழுகியதும் வாளிகளும் சேர்ந்தன. ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே மறுபடி தளத்தில் இறங்கிய பெண்களும் சேர்ந்தார்கள். காலி வாளி நகர்ந்ததா, ஒழுகுற இடம் நகர்ந்ததா என்பது தீரவில்லை. ‘இது குறித்து இருவேறு கருத்துகள் உள்ளன’ என்று எழுதினேன். இருவருக்கும் திருப்தி இல்லை.

வாசல் இன்னும் முடிவாகவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

சிறப்புத் திருமணச் சட்டப்படி விண்ணப்பம் கொடுத்தாயிற்று. சட்டத்தை இரண்டு முறை படித்தேன். பதிவு அலுவலகத்தின் பலகையில் அறிவிப்பை ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம். அதன் முன்னே நின்று படித்தேன். என்னிடம் இருந்தவற்றை ஜூலை மாதமே தெரிவித்துவிட்டேன்.

உறவினர்களுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். சென்னையிலிருந்து சித்தப்பா, “இந்த வயசுலயாடா?” என்றார். “ஆமாம், இந்த வயசுலதான்” என்றேன்.

அக்டோபர் 24, வெள்ளி

பதிவு முடிந்தது. அக்கா பச்சைப் பட்டு. லட்சுமணன் கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன். சாட்சிகளாக நானும் சுமலதாவும் வெங்கட்ரமணனும்.

படியிறங்கும்போது லட்சுமணன், “மச்சான், டிஃபன் எங்க?” என்றார். அந்த முறையில் என்னை அழைக்க உலகில் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

மலர் வந்துவிட்டது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ரிங்க்கில் ஸ்கேட் செய்ததாகச் சொல்லி முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் அழைக்கிறார்கள். வாசல் வடக்கு என்கிறார் ஒருவர்.

நவம்பர் 19, புதன்

சாம்பார் வைத்தேன். சாம்பார் என்று சொல்லத்தக்கதாக இருந்தது.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று காலை வாசல் மணி அடித்தது. திறந்தால் அக்கா. அவளிடம் இந்த வீட்டின் சாவி இருக்கிறது. இருந்தும் மணி அடித்திருக்கிறாள். “வா” என்றேன், விருந்தாளியிடம் சொல்வதுபோல. அவளும் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, உள்ளே வந்து ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள். லட்சுமணன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்தார்.

நேரே சமையலறைக்குப் போனாள். அலமாரியைத் திறக்கும் ஓசை, மூடும் ஓசை, மறுபடி திறக்கும் ஓசை.

“பெருங்காயத்தை எங்கடா வெச்சே?”

எனக்கு எட்டும் வசதிக்காக எல்லாவற்றையும் போன மாதமே இடம் மாற்றி அடுக்கியிருந்தேன். எழுந்து போய், அடுப்புக்கு இடப்பக்கம் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தேன். கொடு என்று கை நீட்டினாள். கொடுக்கவில்லை.

“நீ போய் உக்காரு. நான் பண்றேன்.”

என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.