ராஜம்மாவுக்குப் பிடித்த ஆட்டோ

என்னங்க,

ஷிப்ட் முடிந்து வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். எதிர்வீட்டு ராஜம்மாவுக்குத் துணையாக இன்று நான் போகிறேன். களியும் கொள்ளுக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன்.

அந்தம்மாவுக்கு இந்த வயதில் வந்த யோகத்தைப் பாருங்கள். குடல் வயிற்றுக்குள்ளேயே ஒரு சந்தில் நுழைந்து சிக்கிக்கொண்டதாம். வெளியே வீக்கம்கூடத் தெரியாதாம். ஆபரேஷனுக்கு அப்புறம் காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி என்கிறார் டாக்டர். தெருவே அதற்குக் காத்திருக்கிறது. பூக்காரி பிரியாகூட, "ராஜம்மாவுக்கு காத்து பிரிஞ்சுச்சாக்கா?" என்று என்னை நிறுத்திக் கேட்கிறாள்.

"வாந்தி நிக்கல, வயிறு கல்லாட்டம் இருக்குது" என்று நீங்கள் ஆட்டோ பிடித்து ஓடியதால்தான் உயிர் தப்பியதாம். "உங்க ஊட்டுக்காரரு சாமிங்க" என்கிறது அந்தம்மா. சந்தோஷம். போன மாதம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சோடா குடி பார்வதி, சரியாப் போயிடும்" என்றதும் இதே சாமிதான்.

குழம்பைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

பார்வதி

பி.கு: எனக்கு அந்த வலி இன்னும் விட்டுவிட்டு வருகிறது. இன்று அதே டாக்டரிடம் நானும் காட்டப்போகிறேன். சாயங்காலம் நான் வந்ததும் முதலில் என் வயிற்றைப் பற்றிக் கேளுங்கள். ராஜம்மாவின் காற்று அப்புறம்.