பதினாறாவது பெயர்

9.7.96, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். பாப்பாவின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. கொடியில் எட்டுத் துணி, நடுவே இவருடைய கோல்கீப்பர் கையுறை, சொட்டச் சொட்ட.

இவர் கால்பந்து கிளப்புக்கு மேனேஜராகிப் பதினோரு நாள். மேனேஜருக்குக் கையுறை எதற்கு?

கேட்டேன். "பூஞ்சை புடிச்சிரும்னு அலசிப் போட்டேன் அம்மணி." பாட்டனி படித்தவளிடம் பூஞ்சைக் கதை. கையுறையின் விரலிடுக்கில் செம்மண்.

பாப்பா: சாப்பாடு 3 வேளை. இருமல் இல்லை (இரண்டு முறை முதுகில் காது வைத்துப் பார்த்தேன்). ஸ்டவ் திரி மாற்ற வேண்டும்.

10.7, புதன்

பாப்பாவுக்கு ஊசி. ஆர்.எஸ்.புரம் போக வர ஆட்டோ. வழியில் அந்த எலும்பு டாக்டரின் போர்டு. போன வருஷம் அங்கேதான் சொன்னார்: இவருடைய வலது தோள்பட்டை இன்னொரு தடவை நழுவினால் கை தலைக்கு மேலே போகாது. கல்கத்தா கிளப்பில் ஆறு வருஷம் சம்பளத்துக்குக் கோல் காத்த கை. பாப்பா அப்போது என் வயிற்றில். "இனி கோல்ல நிக்க மாட்டேன்" என்று அங்கேயே, படிக்கட்டில் வைத்துச் சொன்னார். இன்றும் பாப்பாவை இடது கையால்தான் தூக்குகிறார்.

ஊசி போட்ட இடம் சிவப்பு. தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீ தொட்டுத் தொட்டேதான் செவந்து போச்சு" என்கிறார்.

12.7, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை இவருடைய முதல் மேட்ச். லீக் ஆபீசுக்கு ஆட்டக்காரர் பட்டியல் தர வேண்டும். இவர் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பதால் நான்தான் படியெடுத்தேன், கார்பன் வைத்து இரண்டு பிரதி.

1. முருகேசன், கோல்கீப்பர். (பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் வேலை. ஒரு தடவை வீட்டுக்கு வந்தான். ஆறு இட்லி, ஒரு வார்த்தை பேசவில்லை.) மளமளவென்று எழுதிக்கொண்டே வந்து, கடைசி.

16. மாற்று கோல்கீப்பர்: துரைசாமி.

துரைசாமி என்பது இவர்.

"என்னங்க இது?"

"வேற கீப்பர் ஆரும் சிக்கலை கண்ணு. சும்மா பேருக்குத்தான்."

"பேருக்குன்னா கையுறையில மண்ணு எப்படிங்க வந்துச்சு?"

பாப்பாவிடம் போய், "உங்கம்மா சி.ஐ.டி., தெரியுமா?" என்றார்.

அந்தப் பெயரை விட்டுவிட்டே எழுதியிருக்கலாம். சரிபார்க்கும் ஆளில்லை. ஆனால் நான் அடித்தால் நான் நிறுத்தியதாகத்தான் இருக்கும், இவராக நின்றதாக இருக்காது. எழுதினேன். எழுத்து கோணல்.

சாயங்காலம் கிளப் செயலாளர் காதர் பாய், ஜவுளிக்கடையிலிருந்து நேராக. பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு. "ஏம்ப்பா துரை, ஆடறவங்க வரிசையில உன் பேரு. கீழே மேனேஜர் கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்குது, அது காலி! உன் நாற்காலி எதுன்னு தெரியாமயே உக்காந்திருக்கறியா?"

இவரும் சிரித்தார். பேனாவை வாங்கினார். கோட்டுக்கு மேலே அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "இந்த ஒரு வாரம் நீங்களே போட்டுருங்க பாய்."

பாய் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் போட்டார். என்னிடம், "டீ நல்லா இருந்துச்சும்மா." டீயை அவர் தொடவேயில்லை.

14.7, ஞாயிறு

மழை இல்லை, காற்று. எடுத்துப்போனது: பால் புட்டி 2, பிளாஸ்க், ஸ்வெட்டர், குல்லா, குடை. இவருடைய பையில் கையுறை. பார்த்துவிட்டேன்.

முதல் பாதி. நேராக மார்புக்கு வந்த பந்தை முருகேசன் நழுவவிட்டான். கோல். எனக்குப் பின்னால் ஒருவர்: "லேத்து ஓட்டறானாமா? விரல் பத்தும் இருக்குதான்னு எண்ணிப் பாருங்க." ஒரே சிரிப்பு. அப்புறம் ஒரு குரல், "துரைசாமி, நீங்க எறங்குங்க!" அப்புறம் பத்துக் குரல். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் பாப்பாவை இறுக்கிவிட்டேன் போல, அழுதாள்.

இடைவேளையில் ஆட்கள் கோட்டோரம் வந்து உட்கார்ந்தார்கள், எனக்குப் பத்தடி தூரத்தில். முருகேசன் தன் கையுறையைக் கழற்றி இவரிடம் நீட்டினான். "ஏனுங்ண்ணா, நீங்களே எறங்கிப்போடுங்க. என் கையில பந்தே நிக்கலைங்க."

இவர் பையைத் திறந்து தன் கையுறையை எடுத்தார். நான் குனிந்து பாப்பாவின் குல்லாவைச் சரிசெய்தேன். குல்லா சரியாகத்தான் இருந்தது.

நிமிர்ந்தபோது அந்தக் கையுறைமேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "காஞ்ச கையுறையில பந்து நிக்காது. நனைச்சுக்கோணும். பதினாறு நாளா நான் உனக்குச் சொல்லியிருக்கோணும். நானே மாட்டிக்கிட்டு ஆடிப் பாத்துட்டு இருந்துபோட்டேன்." முருகேசனின் கையில் ஒவ்வொரு விரலாக நுழைத்து, பட்டையை இறுக்கினார். "போ. இன்னொண்ணு விட்டாலும் நீதான் நிக்கற."

கூட்டத்தில் யாரோ ஊளையிட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதி முழுக்கக் கோட்டோரம் நின்றார். ஒவ்வொரு பந்துக்கும் அந்த வலது தோள் மட்டும் தானாக எழும்பி இறங்கியது. நடுவில் நம் ஆட்கள் ஒரு கோல் திருப்பிப் போட்டார்கள். முருகேசன் கடைசியில் ஒன்றைப் பாய்ந்து பிடித்தான். 1-1.

வீட்டில் ரசம், அப்பளம். பாத்திரம் தேய்க்கையில் பக்கத்தில் வந்து நின்றார். "எறங்கோணும்னுதான் இருந்துச்சு அம்மணி."

"தெரியுமுங்க."

கழுவிய தட்டைத் துடைத்து வைத்தார், இடது கையால்.

19.7, வெள்ளி

மறுபடி சாரல். பாப்பாவுக்குக் கீழே இரண்டாவது பல். வயிற்றுப்போக்கு இல்லை. திரி இன்னும் மாற்றவில்லை.

பட்டியல். 16-இல் அவிநாசியிலிருந்து ஒருவர், செவ்வாயன்று வந்து பந்து பிடித்துக் காட்டியவர். எழுதி முடித்ததும் இவராகவே பேனா கேட்டார். மேனேஜர் கோட்டில் முழுப் பெயர். அழுத்திப் போட்டிருக்கிறார், கார்பன் பிரதியில் தாளே பள்ளம்.

கையுறை முருகேசனிடமே இருக்கிறது. கொடியில் ஒன்பது துணி, கையுறை தொங்கிய இடத்திலும் ஒன்று.