நாலு காரணத்தை எழுதியிருக்கலாம்தானே

போன சனிக்கிழமை உம்முடைய பெல்ஜியம் என் தலையில் விழுந்தது.

விட்பிக்கு வீடு மாறுகிறோம். டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற்றில் பதினேழு வருடமாக ஓரிடத்தில் நின்ற அலுமாரியை இவர் இழுத்தார். அதற்குப் பின்னால் செருகியிருந்த வெள்ளை மட்டை சரிந்து என் உச்சந்தலையில் விழுந்தது. வளர்ந்தோர் பள்ளிக்கூடத்தில், முதலாம் உலகப் போர் எப்படித் தொடங்கியது என்று வகுப்புக்குச் சொல்வதற்காக நீரும் நானும் சேர்ந்து செய்த மட்டை. இடது பக்கம் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு நான் எழுதிய நாலு காரணங்கள். நடுவில் ஐரோப்பா. அந்த ஐரோப்பாவுக்குள், பச்சை மார்க்கரில் நீர் ஊதிப் பெருப்பித்த பெல்ஜியம். ரஷ்யாவை விடப் பெரிது. என்னுடைய நாலாவது காரணத்தைப் பாதி மூடிக்கொண்டு கிடக்கிறது.

பல்வலிக்கென்று எந்நேரமும் கடைவாயில் கராம்பு அடக்கி வைத்திருப்பீரே, அந்த மணம் மட்டையில் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு வர நியாயமில்லை. ஆனால் வந்தது.

"உதை ரீசைக்கிளுக்குள்ள போடுமன்," என்றார் இவர். நான் அவர்மேல் விழுந்து கத்தினேன். பாவம், மனுசன் திகைத்துப்போனார். அந்தக் கோபம் அவருக்குரியது இல்லை. நீர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் நாலு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் உம்மேல்தான் கோபம்.

நாற்பத்தொரு வயதில் பத்தாம் வகுப்புச் சரித்திரம் படிப்பது நமக்கு ஆசையில்லை. வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்குப் படிப்பதென்றால் இங்கத்தைய கனடாப் பள்ளிக்கூடப் பத்திரம் வேண்டும், அந்தப் பத்திரத்துக்குச் சரித்திரம் வேண்டும் என்றார்கள். அதனால் போனோம். முதல் நாள் நீர் அரை மணித்தியாலம் பிந்தி வந்தீர். மல்வேர்னிலிருந்து வரும் பஸ்ஸைத் திட்டிக்கொண்டே வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நேரே என்னிடம் வந்தீர்.

"எனக்கு இடம் பிடிச்சு வைச்சனீரோ?"

"இல்லையே. நீர் ஆரெண்டே எனக்குத் தெரியாது."

"பரவாயில்லை. தள்ளி இரும்."

யாழ்ப்பாணத்தில் எங்கே என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். "ஐஞ்சு சந்திக்குக் கிட்ட," என்றீர். ஒருகாலம் முஸ்லிம் சனம் நிறைந்திருந்த இடம். எங்கள் வீடு அங்கிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. "அப்ப ஒரே ஊர்க்காரர்!" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தீர். அதற்குமேல் நீரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உம்மோடு சேர்ந்து படிப்பதென்பது ஒரு தண்டனை. எங்கள் சரித்திர வாத்தியார் நல்ல மனுசன், கையில் கோப்பிக் கப்போடு பொறுமையாக விளங்கப்படுத்துவார். படைப்பெருக்கம், கூட்டணிகள், பேரரசு ஆசை, தேசவெறி. போருக்குக் காரணம் இந்த நாலு. நான் நாலையும் பாடமாக்கிவிட்டேன். நீர் கையை உயர்த்துவீர்.

"சேர், உது காரணமில்லை. கடைக்கு எழுதின சாமான் துண்டு."

ஆஸ்திரிய இளவரசரின் கார் சாரதி பிழையான தெருவில் திரும்பியதால்தான் சுட்டவனுக்கு முன்னால் கார் போய் நின்றது என்று அவர் சொன்ன நாளில், சாரதிக்காக வாதாடி அரைப் பாடத்தை விழுங்கினீர். ஆஸ்திரியா செர்பியாமேல் பாய, செர்பியாவுக்காக ரஷ்யா எழும்ப, ஆஸ்திரியாவுக்காக ஜெர்மனி எழும்ப, ரஷ்யாவோடு கூட்டுச் சேர்ந்த பிரான்சும் உள்ளே வந்தது என்று நான் ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தேன். நீர் என் காதுக்குள், "கலியாண வீட்டில மாப்பிள்ளைப் பகுதியும் பொம்பிளைப் பகுதியும் அடிபட்ட மாதிரிக் கிடக்கு," என்றீர். பிரித்தானியா போருக்குப் போனதும் கனடாவும் தன்பாட்டில் போருக்குள் போய்விட்டது என்று அவர் சொன்னதும் உமக்குக் கோபமே வந்துவிட்டது. "தாய் வீட்டில சண்டையெண்டால் பிள்ளையும் பொல்லெடுக்க வேணுமோ? ஒரு வார்த்தை கேக்கிறேல்லையோ?" வாத்தியார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கிழமை சோதனை.

பிறகு பெல்ஜியம் வந்தது. ஜெர்மனி பிரான்சை அடிக்க வேண்டும், நேரான எல்லையில் கோட்டைகள், அதனால் சும்மா இருந்த பெல்ஜியத்துக்குள்ளால் போக வழி கேட்டது என்றார் வாத்தியார். யோசித்துப் பதில் சொல்லப் பன்னிரண்டு மணித்தியாலம் கொடுத்தார்களாம்.

நீர் வாயிலிருந்த கராம்பைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

"பன்னிரண்டோ?" என்றீர் தமிழில், என்னைப் பார்க்காமல். "பரவாயில்லை. நல்ல ஆக்கள். எங்களுக்கு ரெண்டு."

அதன்பிறகு உமக்குப் போரே பெல்ஜியம்தான். லியேஜ் கோட்டைகளைப் பெரிய பீரங்கி வைத்து உடைத்தது, சனம் கட்டை வண்டியிலும் குழந்தைத் தள்ளுவண்டியிலும் மூட்டையோடு தெருத்தெருவாகப் போனது, எல்லாம் தேடித்தேடி வாசித்தீர். பாரிசுக்குப் பக்கத்தில் ஜெர்மன்காரரை மறித்தது, பிறகு இரண்டு பகுதியும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு இருந்தது, இவை ஒன்றும் உமக்குத் தேவைப்படவில்லை. "ஆமிக்காரன்ர கதையை ஆரும் எழுதுவினம். இந்தச் சனம் என்னத்தை எடுத்துக்கொண்டு போனதெண்டு ஒரு இடத்திலயும் கிடைக்குதில்லை," என்று நூலகத்தில் நின்று என்னிடம் எரிந்து விழுந்தீர். நானா எழுதாமல் விட்டேன்?

ஒருநாள், அங்கே ஒரு பழைய பல்கலைக்கழக நகரத்தில் நூலகத்தை எரித்த பக்கம் வந்தது. நீர் வாசித்து முடித்துவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினீர். "வாப்பா ஒவ்வொரு நாளும் எங்கட நூலகத்துக்குத்தான் பேப்பர் வாசிக்கப் போறவர். எரிச்சாப் பிறகு சாம்பலைப் பாக்கவெண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனவர்." என் அப்பாவும் என்னைக் கூட்டிப் போனார் என்றேன். அந்த ஒரு பின்னேரம் நாங்கள் சண்டை பிடிக்கவில்லை.

சண்டை வந்தது மட்டை செய்து முடித்த பிறகுதான். கடைசியில் ஒவ்வொருவரும் ஒரு பந்தி எழுத வேண்டும்: போருக்கு யார் பொறுப்பு? நான் எழுதியதைப் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் உமக்கு வாசித்துக் காட்டினேன். எல்லா நாடுகளுக்கும் ஏதோ ஒரு அளவில் பொறுப்பு இருந்தது என்று தொடங்கி, நல்ல இங்கிலீசில், வடிவாக எழுதியிருந்தேன். முழுப் புள்ளி வரும் என்று எனக்குத் தெரியும்.

நீர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினீர். "எல்லாரும் பிழையெண்டால் ஒருத்தரும் பிழையில்லையெண்டு அர்த்தம்."

"அப்பிடி இல்லை. வாத்தியார் அப்பிடித்தான் எதிர்பாக்கிறார்."

"பெல்ஜியக்காரன் என்ன பிழை விட்டவன்? வழியில வீட்டைக் கட்டினதோ?"

"ஐயோ, உது நூறு வருசத்துக்கு முந்தின கதை! புள்ளியை எடுத்துக்கொண்டு போவம். எங்களுக்கு என்னத்துக்கு உந்த ஞாயம்?"

நீர் பெட்டியைப் பைக்குள் வைத்தீர். பிறகு, மிகவும் சாதாரணமாக, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் கேட்டீர்.

"பெடியள் ஸ்பீக்கரில சொல்லிக்கொண்டு போன அண்டைக்கு நீர் எங்க நிண்டனீர்?"

"வீட்டுக்குள்ள."

"கதவு?"

"பூட்டியிருந்தது."

"அப்ப அதை எழுதும்," என்றுவிட்டு எழும்பிப் போனீர்.

எனக்கு வந்த ஆத்திரம்! எனக்கு அப்போது பத்தொன்பது வயது. துவக்கோடு நின்ற இயக்கப் பெடியளுக்கு முன்னால் நான் என்ன செய்திருக்க முடியும்? யாழ்ப்பாணத்திலிருந்த உம்முடைய முஸ்லிம் சனம் முழுவதையும், இரண்டு மணித்தியாலத்தில், வீட்டையும் கடையையும் அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிடச் சொன்னார்கள். அப்பா கதவைப் பூட்டினார். நான் யன்னல் நீக்கலால் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்த தையல்காரர் ஒரு கடைப் பையோடு போனார். போகிறபோது எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். உதவி கேட்ட பார்வை இல்லை அது, சும்மா பார்த்தார். "உள்ளுக்கு வா," என்றார் அப்பா. நான் உள்ளே போனேன். அன்றிரவு அம்மா புட்டு அவித்தா, நாங்கள் சாப்பிட்டோம். இதை எந்தச் சரித்திரப் பந்தியில், எந்தக் காரணத்துக்குக் கீழே எழுதுவது? சொல்லும் பார்ப்போம்.

நான் எழுதவில்லை. என் வடிவான பந்தியைக் கொடுத்தேன். மூன்று கிழமை நாங்கள் கதைக்கவில்லை. சோதனையில் நாலு காரணத்தையும் விளக்குக என்று வந்தது. முன்வரிசையில் நீர் தலை நிமிராமல் எழுதியதைப் பார்த்து, அப்பாடா, மனிசி படித்துக்கொண்டு வந்திருக்கிறா என்று நினைத்தேன். பெறுபேறு வந்தபோதுதான் தெரிந்தது, நீர் ஏழு பக்கமும் பெல்ஜியம் எழுதியிருக்கிறீர். நாலோ ஐந்தோ புள்ளியால் தவறிவிட்டீர்.

வாத்தியார் உம்மை விட்டுவிடவில்லை. நல்லாய் எழுதியிருக்கிறீர், ஆனால் கேட்டதற்குப் பதில் இல்லை, திரும்ப ஒருமுறை எழுதும் என்றார். நான் உம்முடைய பஸ் தரிப்பில் வந்து காத்து நின்று கெஞ்சினேன்.

"நாலே நாலு காரணம். நான் சொல்லித் தாறன். ஒரு மணித்தியால வேலை."

"நான் எழுதினது பிழையெண்டு சொல்லட்டும், மாத்தி எழுதுறன்."

"பிழையெண்டு ஆர் சொன்னது? கேள்விக்கு விடையில்லை எண்டுதான் சொல்லுறார்."

"அப்ப கேள்வியை மாத்தச் சொல்லும்."

பஸ் வந்தது, ஏறிப் போனீர். சரித்திரமும் போனது, பத்திரமும் போனது. நான் படித்து முடித்து வேலைக்குப் போனேன். நீர் பிஸ்கற் பெட்டி அடைக்கும் பக்ரரியில் பத்து வருடம் நின்ற நிலையில் நின்று முழங்கால் இரண்டையும் கெடுத்துக்கொண்டீர். நான் பராமரிக்கும் வயோதிபர்களில் ஒருவர் என்னோடு கோபித்தாலும் நீர் நினைவுக்கு வருவீர். அந்தக் கிழவரை நீர் ஒரு சொல்லில் சிரிக்க வைத்திருப்பீர். என்னை விட நூறு மடங்கு நல்லாய்ச் செய்திருப்பீர். எதற்காக விட்டீர்? பெல்ஜியத்துக்காக!

அதோடு உறவும் முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாவது மிஞ்சியிருக்கும். நீர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் எடுத்தீர். விலைவாசி, பிள்ளைகள், முழங்கால் எல்லாம் கதைத்து முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் கேட்பீர்: "இன்னும் எழுதேல்லைத்தானே?"

"என்னத்தை?"

"உமக்குத் தெரியும்."

ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கேள்வி. ஒவ்வொரு ஞாயிறும் நான் போனை வைத்துவிட்டு அரை மணித்தியாலம் சட்டி பானையோடு சண்டை பிடிப்பேன். ஈரலில் வருத்தம் என்று உமக்குத் தெரிந்த பிறகும் நீர் கேட்டீர். ஆஸ்பத்திரியில், குரல் இல்லாமல், கையால் எழுதுகிற மாதிரிக் காட்டி, புருவத்தை உயர்த்திக் கேட்டீர். நான் தலையணையைச் சரிசெய்கிற சாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாம் நாள் நீர் இல்லை.

அடக்கம் பண்ண ஆண்கள் போயிருந்தார்கள். நான் மல்வேர்னில் உம்முடைய வீட்டில், பெண்களோடு இருந்தேன். உம்முடைய மகள் போனைக் கொண்டுவந்து தந்தாள். அன்றைக்கு வெளிக்கிட்டுப் போய்ப் புத்தளத்திலேயே தங்கிவிட்ட உம்முடைய ராத்தா. அழுது களைத்த குரல்.

"நீங்கதானோ அவவோட படிச்ச பிள்ளை? எங்கட ஊர்தானாமே. எங்களுக்குப் பக்கத்து வீடோ?"

"இல்லை அக்கா, ரெண்டு ஒழுங்கை தள்ளி," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருடம் நிறுத்திய இடம் அதுதானே. "உங்களைப் போகச் சொன்ன அண்டைக்கு நாங்கள் வீட்டுக்குள்ள இருந்தனாங்கள். கதவைப் பூட்டிப்போட்டு யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை சொல்லேல்லை. ஒரு செம்பு தண்ணி குடுக்கேல்லை."

கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். பிறகு ராத்தா சொன்னா: "இப்பிடி ஒராள் வாய் திறந்து சொல்லி இண்டைக்குத்தான் தங்கச்சி கேக்கிறன்."

மன்னித்தேன் என்று அவ சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நாலு நாள் முந்திச் சொல்லியிருந்தால் நீர் கேட்டிருப்பீர். அந்த எரிச்சல் என்மேல். அதையும் உம்முடைய கணக்கில்தான் போட்டு வைத்திருக்கிறேன், வேறெங்கே போட?

இன்றைக்கு நீர் எனக்கு விட்டுப்போன தொல்லை என்னவென்று சொல்கிறேன், கேளும். நேற்று விட்பியில் இவருடைய சிநேகிதர் வீட்டில் சாப்பாடு. ரிவியில் ஐரோப்பாவில் இப்போது நடக்கிற சண்டை போனது. மூட்டையோடு சனம். ஒரு அங்கிள் கோழிக்கறியைக் கிளறிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் பிழைதான்," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். முன்பென்றால் முதல் ஆளாக ஆட்டியிருப்பேன்.

"அந்தச் சனம் வெளிக்கிட எத்தினை மணித்தியாலம் குடுத்தவை அங்கிள்?" என்று கேட்டேன்.

"தொடங்கிட்டா," என்று இவர் முணுமுணுத்தார். அங்கிள் கேட்காத மாதிரி ரிமோட்டைத் தேடினார். வீட்டுக்கார அன்ரி அவசரமாக எழும்பிப் போய்ப் பாயசம் கொண்டுவந்தா. எனக்கும் ஒரு கிண்ணம் தந்தா. வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நான் திரும்பவும் கேட்டேன்.