தாழ்ப்பாள் சத்தம்

ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள்.

இன்னைக்கு சபையில என்னைத்தான் சாட்சி சொல்லக் கூப்பிடுவாங்கன்னு காலையிலேயே என் பொண்டாட்டி ஸ்டெல்லாகிட்ட சொல்லிட்டேன். அப்படியே நடந்தது. நான் சொன்னா நடக்கும், இந்தத் தெருவுக்கே தெரியும்.

நேத்து சாயங்காலம் கிரிவலம் போன ஒரு அம்மா, கீழ்பென்னாத்தூர்காரங்க, எங்க வாசல்ல நின்னு, "அண்ணா, கொஞ்சம் பாத்ரூம் போயிக்கலாமா?"ன்னு கேட்டாங்க. பாதமெல்லாம் கொப்புளம். அதைத்தான் சாட்சியா சொன்னேன். நான் ஓடிப்போய் கதவைத் திறந்தேன், காலுக்கு வெந்நீர் வெச்சுக் கொடுத்தேன், "எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கால் வலி ஒண்ணுதாம்மா"ன்னு சொன்னேன்னு சொன்னேன். பேச்சு வேகத்துல ஒரு அம்மா நாற்பது பேர் ஆயிட்டாங்க. கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா சபையே அல்லேலூயான்னு எழுந்துடுச்சு. பாஸ்டர் என் கையைப் பிடிச்சு, "இதுதாண்ணே விசுவாசம்"னார்.

ஸ்டெல்லா பொம்பளைங்க பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தா. வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் சொன்னா: "அந்தத் தாழ்ப்பாளுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க. நேத்து நீங்க போட்ட சத்தம் அந்தம்மாவுக்கும் கேட்டிருக்கும்."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நான் தட்டை ஓரமா நகர்த்தி வெச்சேன்.

நாற்பது பேர் பொய்தான், அது சின்னது. வெந்நீர் நிஜம், ஆனா வெச்சது ஸ்டெல்லா. கால் வலி பத்தின வார்த்தையும் அவளோடது. கதவைத் திறந்ததும் அவதான். அந்தம்மா கேட்டதும் நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன்.