காலியாக ஓட்டிய ஒரு மணி நேரம்

என் தங்கையைக் கட்டியவனே, என் தொழில் கூட்டாளியே, சுடலைமுத்து மாப்பிள்ளை,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். ஆள் வைத்து எழுதவில்லை. ஒரு பக்கம் நிரம்ப ஒரு சாயங்காலம் முழுவதும் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு எழுத்தும் என் கையிலிருந்து வருவதைப் பார்க்கப் பார்க்க எனக்கே சிரிப்பு வருகிறது.

நீ கண்ணை மூடிய மறு வருஷம் நம் தெருவில் எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தர் டீச்சர் வந்து சொல்லிக்கொடுத்தார். முதலில் 'ப' எழுதினேன். பம்புக்கும் அதே எழுத்து, பஞ்சருக்கும் அதே எழுத்து. பேச்சிமுத்து என்று என் பெயரை எழுதச் சொன்னபோது மட்டும் அதற்கு முன்னால் ஒரு கொம்பு முளைத்தது. நீ இருந்திருந்தால், "மச்சானுக்குக் கொம்பு இருக்கது எனக்கு முன்னமே தெரியும்லா" என்று அம்பாசமுத்திரம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

நேற்று நம் வீட்டு முன்கூடத்தில் புதுக் கம்ப்ரசர் இறங்கியது. இரண்டு சிலிண்டர், லாரி டயருக்கே காற்றுப் பிடிக்கும். என் தங்கை வள்ளியம்மாள்தான் வேண்டும் என்று நின்றாள். பழைய டயரைச் சதுரமாக வெட்டி நாலு காலுக்கும் அடியில் வைத்தேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தினேன். பெல்ட்டைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தேன். எண்ணெய் கண்ணாடியில் பாதி வரைக்கும் நின்றது. இதையெல்லாம் உன்னோடு சேர்ந்து ஒரு தடவை செய்திருக்கிறேன், நினைவிருக்கிறதா?

நமது முதல் கம்ப்ரசர் வந்த அன்று நீ குளித்து, விபூதி பூசி, புது வேட்டி கட்டி நின்றாய். அதுவரைக்கும் மாட்டுவண்டி டயருக்கெல்லாம் நீயும் நானும் கைப்பம்பால்தான் அடிப்போம். நீ ஐம்பது அடி, நான் ஐம்பது அடி. உன் முறையில் நாற்பதைத் தாண்டியதும் ஐம்பது என்று கத்திவிட்டு நீ உட்கார்ந்துகொள்வாய். அந்த ஏமாற்று எனக்குத் தெரியும். தெரிந்தே என் ஐம்பதைத் தொடங்குவேன்.

கம்ப்ரசரோடு ஒரு தாள் வந்தது. நீ அதை என்னிடம் நீட்டினாய். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவன் என்று உன்னிடம் அளந்து வைத்திருந்தேன் இல்லையா, அதனால்.

"என்ன மச்சான் போட்டிருக்கான்?"

நான் தாளை உற்றுப் பார்த்தேன். மேலே ஓர் எண்ணெய்க் குப்பியின் படம் இருந்தது. அது இருந்ததால்தான் தாளைத் தலைகீழாகப் பிடிக்காமல் தப்பித்தேன்.

"எண்ணெய ஊத்திட்டு ஓட்டச் சொல்லுதான் மாப்ள. வேற ஒண்ணுமில்ல" என்றேன்.

நீ வால்வை அடைத்துவிட்டு, சாமி கும்பிட்டு, சுவிட்சைப் போட்டாய். அழுத்தம் காட்டும் முள் ஏற ஏறக் கை தட்டினாய். ஒரு மணி நேரத்துக்குள் சத்தம் மாறியது. கருகல் வாடை வந்தது. மிஷின் இறுகி நின்றுவிட்டது. பழுது பார்க்க வந்தவர் சிலிண்டர் கீறிப்போய்விட்டது என்று கையை விரித்தார்.

நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என் கைராசி அப்படி மச்சான்" என்றாய். அதற்குப் பிறகு எந்தப் புதுச் சாமானையும் நீ முதலில் தொடவில்லை. உன் மகள் செல்வியின் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டபோதுகூடத் தூரத்தில் நின்றாய். அப்பன் இருக்கும்போது அந்தக் காலை நான் நட்டேன். வாசிக்கத் தெரியாமல் அந்தத் தாளைப் பிடித்த அதே கைதான் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தாளில் வேறு ஏதாவது இருந்திருக்குமோ என்ற பயம் மட்டும் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

வாசிக்க வந்ததும் இந்த மாசியில் அந்தப் பழைய தாளைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எழுத்துக் கூட்டினேன். "முதல் ஒரு மணி நேரம் வால்வைத் திறந்து வைத்துக் காலியாக ஒட்டவும்" என்று படித்தேன். ஒட்டுவது நம் தொழில்தானே. டியூபில் ஒட்டலாம், காலியாக எதில் ஒட்டுவது? இரண்டு நாள் யோசித்தேன். அப்பாடா, நமக்கு வேண்டாத பேச்சு என்று மனசு லேசாகக்கூட ஆனது.

எஸ்தர் டீச்சரிடம் காட்டினேன். "ஐயா, கீழே சுழி இருக்குது பாருங்க. இது ஒட்டவும் இல்ல, ஓட்டவும்" என்றார்.

காரணமும் அதே தாளில் இருந்தது: புது மிஷினில் பிஸ்டனும் வளையமும் ஒன்றோடொன்று பழக வேண்டுமாம். அழுத்தம் ஏற்றாமல் ஒரு மணி நேரம் சும்மா ஓடினால்தான் பழகுமாம். மாப்பிள்ளை, அவ்வளவுதான் விஷயம். உன் கை ஒரு தப்பும் செய்யவில்லை.

நேற்று மிஷின் இறக்க வந்த மெக்கானிக் அவசரப்பட்டார்.

"வால்வ அடைச்சு ஏத்திக் காட்டிரட்டா அண்ணாச்சி? வண்ணார்பேட்டையில இன்னொரு மிஷின் எறக்கணும்."

"பைய இரும்வே. தாள்ல என்ன போட்டிருக்கான்னு வாசிக்கேன்."

"நீரு வாசிச்சு முடிக்கதுக்குள்ள மிஷின் துருப்புடிச்சிரும்."

அவர் சிரித்தாலும் நான் விடவில்லை. ஒரு எழுத்து விடாமல் சத்தமாக வாசித்தேன். இதிலும் அதே வரிதான். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிதான். ஆனா எல்லாரும் அடைச்சுட்டுத்தான் ஓட்டுதாங்க. ஓடத்தான செய்யுது" என்றார்.

"ஓடாமப் போனது ஒண்ணு உண்டும்" என்றேன்.

வாசலில் எலுமிச்சம்பழத்தோடு நின்ற வள்ளியம்மாள், "எது?" என்று கேட்டாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெக்கானிக் வால்வைத் திறந்துவிட்டு, மிஷினைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். காற்று புஸ்ஸென்று வெளியே போய்க்கொண்டிருந்தது.

"அப்ப அவரு கையில குத்தமில்லியா?"

"இல்ல."

"மாசியில தெரிஞ்சத ஐப்பசியில சொல்லுதியே, இத்தன மாசம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? பந்தக்கால நீங்க தொட வேண்டாம்னு அவர்ட்ட சொன்னது நாந்தான்ணே. நான்லா சொன்னேன்!"

அது எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை. நீயாகவே ஒதுங்கினாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீ அதையும் என்னிடம் சொல்லவில்லை.

ஒரு மணி நேரமும் அவள் மிஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்ததும் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து அழுத்தம் ஏற்றினோம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம், ஒரு குமிழி வரவில்லை. முள் நூற்றைம்பதில் போய் அசையாமல் நின்றது. வெயில் படாத காற்று மாதிரி அவ்வளவு சுத்தமான சத்தம். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் உன் புது வேட்டிதான் கண்ணில் நின்றது.

வள்ளியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதப் படிச்சிட்டேல்லா? மொதல்ல அவருக்கு எழுது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். நீ கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய்? என்னை ஏசியிருப்பாயா? இல்லை, இதையும் சொல்லிச் சிரித்திருப்பாயா?

ஞாயிற்றுக்கிழமை உடன்குடிக்கு, செல்வி வீட்டுக்கு, பஸ் ஏறுகிறேன். அப்பன் கை ஆகாத கை என்றுதான் செல்வி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் முன்னால் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். எழுத்துத் தட்டும். அவள், "கொண்டாங்க மாமா, நான் வாசிச்சுக்கிடுதேன்" என்று கை நீட்டுவாள். கடைசி வரி முடிகிற வரைக்கும் தாளை அவள் கையில் கொடுக்க மாட்டேன். இது சத்தியம்.

தெரியாததைத் தெரியும் என்று சொன்ன
உன் மச்சான்,
பேச்சிமுத்து