யாருமில்லாத நடுவர்

அன்புள்ள செண்பகவல்லிக்கு,

புதுத் தைலத்தில் உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கம்பெனி கிடங்கில் பதிவேடு எழுதும் வேலையும் சிரமமில்லாமல் போகிறது.

பிள்ளைப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் தெருவில் ஓர் இளைஞர் மன்றம் இருக்கிறது. மாலையில் அங்கே பேப்பர் படித்துவிட்டு, யாரிடமும் பேசாமல் திரும்பிவிடுவேன். இந்தப் பொங்கலுக்குக் கோலப்போட்டி நடுவராக என்னைப் போட்டுவிட்டார்கள். எனக்கென்ன தெரியும் என்று தயங்கினேன். செயலாளர் சஞ்சய் சிரித்தார். "தெருவுல எல்லாம் சொந்தக்காரங்க சார். யார் சொன்னாலும் சண்டதான். உங்களுக்குத்தான் இங்க யாருமே கிடையாதே!"

செருப்பைக் கழற்றிவிட்டு, இருபத்திரண்டு கோலங்களையும் இரண்டு முறை பார்த்து மதிப்பெண் போட்டேன். ஒரு வெள்ளைப் புள்ளிக்கோலத்துக்கு முதல் பரிசு. பெரிய மயில் போட்டிருந்த கன்னியம்மா விடவில்லை. "இன்னா சார், எம்மாம் பெரிய மயிலு, கண்ணுக்குத் தெரிலியா? வெறும் வெள்ளக் கோலத்துக்கா பிரைஸு?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அறைக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. அது நீ வெள்ளிக்கிழமைகளில் நம் வாசலில் போடும் கோலம். அதற்கு மட்டும் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். தவறு செய்துவிட்டேனோ?

உன் கோலத்தை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. சரிபார்க்க வேண்டும். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பு.

அடுத்த வருடமும் நான்தான் நடுவராம். நீ இங்கே வந்துவிட்டால் அந்தத் தகுதி எனக்குப் போய்விடும். போனால் போகட்டும், வா.

கம்பெனி பஸ் வரும் நேரம். நிறுத்துகிறேன்.

உன்
சிதம்பரநாதன்